பதினோரு மணித் தயிர்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில்
தயிர் தலைமறைவாகிவிடும்.
ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்
முட்டைக்கோஸுக்குப் பின்னால்
மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்
அரை லிட்டர்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அமலோற்பவத்துக்கும் தெரியும்.

பகலில் அவள் நர்ஸ்.
தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வரும்
பெரம்பூர் ஜனத்திடம்
"தயிருக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லீங்க,
அது கிருமி, காத்துல வருது" என்று
நாளைக்கு இருபது தடவை சொல்கிறவள்.
வீட்டுக்கு வந்து
யூனிஃபார்மை ஊறவைத்த கையோடு
"ராத்திரியில தயிரா? நெஞ்சுல கட்டிக்கும்."
கேட்டால்
அது டூட்டி, இது வீடு என்பாள்.

மழை விட்டு மூன்று நாள்.
இருபத்தொரு டிகிரி.
வேறு ஊர்க்காரன் சட்டையைக் கழற்றுகிற குளிர்.
எங்கள் தெருவிலோ குரங்குக் குல்லா.
பால் பூத்து சைலபதி
தயிர் பாக்கெட் கேட்டால்
"யாருக்கு?" என்று விசாரித்த பிறகே தருகிறார்.
மேல்வீட்டுத் தணிகைவேல்
தயிர்சாதத்தில் மிளகு தூவிக்கொள்கிறார்.
மிளகு போட்டால் ஜாமீன் கிடைத்துவிடுமாம்.

நேற்று அவள் பத்து மணிக்கே தூங்கிவிட்டாள்.
பதினோரு மணிக்கு
விளக்குப் போடாமல்
ஃப்ரிட்ஜின் வெளிச்சத்திலேயே சாப்பிட்டேன்.
சாதம் தேடவில்லை.
நின்றபடி, கரண்டியால்,
ஆடையோடு.
பல் கூசியது.
அந்தச் சில்லிப்பு தொண்டையில் இறங்கி
நெஞ்செலும்புக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று
யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல
உள்ளே போனது.
வாய் கொப்பளித்தேன். மீசையைத் துடைத்தேன்.
கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
முப்பது வருஷம் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன்
இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பு செய்ததில்லை.

விடியுமுன்
கோயில் மைக் கரகரக்குமுன்
தும்மல் கேட்டது.
என்னுடையது அல்ல.

ஐந்தாவது தும்மலோடு
எழுந்து உட்கார்ந்தாள், மூக்கு நுனி பளபளக்க.
"நீங்க தயிர் சாப்பிட்டீங்களா?"

நான் சாப்பிட்டால் உனக்கெப்படி என்று
கேட்டிருக்கலாம்.
கிருமி, காற்று, இருபது தடவை
எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது.
"ரெண்டே கரண்டி" என்றேன்.
"நினைச்சேன்."
அதற்குப்பின் வெகுநேரம்
அவளுக்கு மூக்கும்
எனக்கு மனசும் ஒழுகிக்கொண்டிருந்தன.

லீவு சொன்னாள். ஆவி பிடித்தாள்.
போர்வைக் கூடாரத்துக்குள்ளிருந்து
"போன வாரம் வார்டுல பதினாறு பேருக்குக் காய்ச்சல்"
என்று ஒரு குரல் வந்தது.
அதோடு நின்றும்போனது.
என்னை விடுதலை செய்ததாக
அதில் எதுவுமில்லை.

மத்தியானம் ரசம் இறங்கவில்லை.
கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.
வாய் கசந்து கிடந்தவள்
சுவரைப் பார்த்துக்கொண்டே
"கொஞ்சம் தயிர்சாதம்" என்றாள்.

டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்தது ஒரு ஸ்பூன்.
சாதத்தைக் குழைத்து
இளஞ்சூட்டுப் பாலில் பிசைந்து
அதில் பாதி ஸ்பூன்.
சட்டப்படி அது பால்சாதம்.
"புளிப்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே
தட்டை வழித்தாள்.

மீதிப் பாதியை
காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றினேன்.
இந்தக் குளிருக்கு லேசில் உறையாது.
போன வருஷம் இரண்டு நாள்
பாலாகவே விழித்துக் கிடந்தது.
செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தேன்.
துண்டு சுற்றினேன்.
போதாதென்று பட்டதும்
என் குரங்குக் குல்லாவைக் கழற்றி
டப்பாவுக்கு மாட்டினேன்.

படுக்கையிலிருந்து பார்த்தாள்.
"அதுக்கும் சளி பிடிச்சுடுமா?"
சிரிக்கப் போய் இருமினாள்.

பதினோரு மணிக்கு எழுந்தேன்.
மொட்டைத் தலை சில்லிட்டது.
குல்லாவை விலக்கி
டப்பாவை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன்.
இன்னும் பால்தான்.